கதவு மூடுவதற்குள் ஒரு பதில்

என் கண்ணு பாலுவுக்கு,

உன் தலைத்திவசம் திங்கட்கிழமை நடந்தது. வந்திருந்தவர்களை ஒருத்தர் விடாமல் சொல்லிவிடுகிறேன். அப்பா. நான். ஆபீசுக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு என் வீட்டுக்காரர், உன் மாமா. பள்ளிக்கூட யூனிபார்மோடு என் மகள் கவிதா. எதிர்வீட்டு ராஜாமணி சித்தி. மந்திரம் சொல்ல வந்த ஐயர். அப்புறம் உன் கம்ப்யூட்டர் கேம் கடைக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடை ஜாபர் பாய். அவர் மட்டும் உள்ளே வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, எல்லாம் முடிகிற வரைக்கும் வாசலிலேயே நின்றார். அவ்வளவு பேர்தான்.

பெற்றவர் பிள்ளைக்குத் திதி கொடுப்பதை எந்தச் சாமி எழுதி வைத்தது என்று தெரியவில்லை. ஐயர், “பேரச் சொல்லுங்க” என்றார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். “பாலகிருஷ்ணன்” என்று நான் சொன்னேன். உன் பள்ளிக்கூட அட்மிஷனுக்கும் நான்தான் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா?

திதிச் சமையலில் வெங்காயம் கூடாது. அப்பாவின் கொல்லையில் வெங்காயம் பிடுங்கிப் பட்டறை போட்டுக் குவித்து வைத்திருக்கிற நேரம். வீடெல்லாம் அந்த வாசனை அடிக்க, உனக்கு மட்டும் வெங்காயம் இல்லாத சாம்பார் வைத்தேன். நீ இருந்திருந்தால் தட்டைத் தள்ளியிருப்பாய். “என்னக்கா இது, ஆஸ்பத்திரி சாப்பாடு” என்றிருப்பாய். இலையில் வைத்துவிட்டு நீ தள்ளுவாய் என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு ஜாபர் பாய் தயங்கித் தயங்கித்தான் பேச்சை எடுத்தார்.

“அக்கா, கடை வாடகைக்கு வேற ஆளு வந்துட்டாங்க. மெஷின் எல்லாத்தையும் எங்க மச்சான் எடுத்துக்கறேன்னுட்டாரு. லெப்பைக்குடிக்காட்டுல ப்ரௌசிங் சென்டர் போடுறாரு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிச்சுட்டு வண்டி கொண்டாரேன்.”

“உள்ள இருக்கறதெல்லாம்?”

“எல்லாத்தையும் அழிச்சுட்டுத்தான் புதுசா போடணும். வைரஸ் ஜாஸ்தி.” அப்புறம் என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, குரலை இறக்கிக்கொண்டார். “ஓரத்து மெஷின் வேணும்னா வூட்டுக்கு எடுத்துக்குங்க. நான் மச்சான்கிட்ட சொல்லிக்கறேன்.”

நான் பதில் சொல்வதற்குள் அப்பா கட்டிலிலிருந்து சொன்னார். “வேணாம் பாய். அது வூட்டுல இருந்தா எனக்குச் சோறு எறங்காது.”

அப்பாவை மீறி அதை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. கூட்டாளிக்காக இந்த ஒரு வருஷம் காசு வரவே இல்லாமல் தொந்தரவை எல்லாம் பட்டுக் கடையைப் பார்த்துக்கொண்ட மனுஷர் பாய். அவருக்கு ஓரத்து மெஷினுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியும். உனக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு அது எங்கேயும் இருக்காது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

உன் கடையில் ஒரு வழக்கம் வைத்திருந்தாய். மற்ற ஆட்டம் ஆடுகிறவர்கள் எந்த மெஷின் காலியோ அதில் உட்கார வேண்டும். கதைக்குள் ஒரு ஆளாகவே நுழைந்து ஆடுகிற ரோல் ப்ளேயிங் ஆட்டக்காரனுக்கு மட்டும் ஒரே மெஷினை ஒதுக்குவாய். அவன் போன தடவை விட்ட இடம் அந்த மெஷினுக்குள் காத்திருக்கும், அடுத்தவன் கை பட்டால் கெட்டுப்போகும் என்பாய். மெஷினை ஒதுக்கிக் கொடுத்தால் பையன்களுக்கு ஒரு கெத்து. அதனாலேயே எது ரோல் ப்ளேயிங், எது இல்லை என்று உன் கடையில் நித்தம் பஞ்சாயத்து.

பாலிடெக்னிக் படித்த அந்தக் கிரிக்கெட் பையன் உன்னிடம் மல்லுக்கு நின்றது இன்னும் என் காதில் கேட்கிறது. “அண்ணே, ரன் அடிக்க அடிக்க என் ஆளுக்கும் பாயிண்ட் ஏறுதுல்ல? அப்ப இதுவும் ரோல் ப்ளேயிங்தான. எனக்கும் மெஷின் ஒதுக்குங்க.”

“ஏன்டா, நீ செஞ்சுரி அடிச்சா எதிர் டீம்காரன் உங்கிட்ட வந்து அழுவானா? ‘என் வேலை போச்சு, பொண்டாட்டி புள்ளைக்கு என்ன பதில் சொல்றது’ன்னு கேப்பானா?”

“அவன் ஏண்ணே அழப் போறான்?”

“அப்ப ஒதுக்க முடியாது. காலியா இருக்கறதுல ஒக்காரு.”

கத்தியும் மந்திரமும் டிராகனும் இருக்கிற சிடியைத் தூக்கிக்கொண்டு இன்னொருத்தன் வருவான். அட்டைப் படத்தைப் பார்த்தே அது ரோல் ப்ளேயிங் என்று சாதிப்பான். “கத்தி இருந்தா போதுமா? அப்ப எங்க அக்கா அரிவாமனையில வெண்டைக்கா நறுக்கறதும் அதுதான்” என்று என்னையும் இழுத்துவிடுவாய். கதை ரொம்ப நன்றாக இருக்கிற ஒரு ஆட்டத்தைக்கூட நீ ரோல் ப்ளேயிங்கில் சேர்க்கவில்லை. கேட்டதற்கு, “யாரு ஆடினாலும் ஒரே முடிவுக்கா. நடுநடுவுல பட்டன் அமுக்குற சினிமா அது” என்றாய்.

நான் எட்டாவதோடு நின்றவள். சாயங்காலம் கடைக் கணக்கை எழுதிக் கொடுக்க வருவேன், எழுதிவிட்டு உன் பக்கத்து ஸ்டூலில் உட்காருவேன். திரையில் ஓடுகிற இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்துப் படித்தே எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வந்தது. ஆனால் நீ ஆடுகிற ரோல் ப்ளேயிங்கில் எனக்கு முதலில் புரிந்தது பேச்சு இல்லை. அந்த ஆள் முதுகில் சுமக்கிற மூட்டை. இவ்வளவு எடைதான் தூக்கலாம், அதற்குள் ரொட்டி, பச்சிலை, பந்தம், கயிறு. அதிகம் எடுத்தால் நடக்க முடியாது. குறைவாக எடுத்தால் வழியில் பட்டினி. ஒவ்வொரு லெவல் ஏறும்போதும் கைக்கு வருகிற புள்ளியைப் பலத்தில் போடுவதா, பேச்சில் போடுவதா என்று யோசிக்க வேண்டும்.

“இதாண்டா இந்த ஆட்டம். சேத்து வச்சுப் பாத்துப் பாத்துச் செலவு பண்றது. குடும்பம் நடத்தற மாதிரி” என்றேன்.

“அப்ப உன் அஞ்சறைப்பெட்டியும் ரோல் ப்ளேயிங். அதுக்கு ஒரு மெஷின் ஒதுக்கிரவா?” என்று சிரித்தாய்.

“சரிடா பெரிய மனுஷா. நீயே சொல்லு, எதுதான் அது?”

அப்போதுதான் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாய். “கேள்வி கேக்கணுங்க்கா. கேட்டுட்டு நிக்கணும். நாம பதில் சொல்ற வரைக்கும் ஒலகமே காத்துக்கிட்டு நிக்கணும். என்ன சொல்றமோ அத ஞாபகமும் வச்சுக்கணும். மூணு ஊரு தாண்டிப் போன பொறவு ஒருத்தன் வந்து, ‘அன்னைக்கு நீ இப்படிச் சொன்னியே’ன்னு கேக்கணும். அப்பத்தான் அந்த ஆளு நாம. இல்லைன்னா வெறும் பொம்மை.”

நீ இதைச் சொன்னதும் எனக்கு மடிப்பிச்சை ஞாபகம் வந்தது. உனக்குத்தான் தெரியுமே. அம்மா போன அடுத்த கோடையில் உனக்கு அம்மை போட்டது. வேப்பிலைப் படுக்கையில் நீ கண்ணைத் திறக்காமல் கிடந்தாய். எம்பிள்ளைக்குக் கண் திறந்தால் மடிப்பிச்சை எடுத்து வந்து கொட்டுகிறேன் என்று சிறுவாச்சூர் மதுரகாளிக்கு நேர்ந்துகொண்டேன். நீ எனக்குப் பிள்ளையா தம்பியா என்று அன்றைக்கு எனக்கே தெரியாது. வாயில் பிள்ளை என்றுதான் வந்தது.

மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு, முந்தானையை ஏந்திக்கொண்டு தெருவில் இறங்கினேன். வீட்டில் அரிசி இருந்தது. ஆனால் அந்த அரிசியில் ஒரு பிடிகூட மடியில் சேரக் கூடாது. கேட்டுத்தான் வாங்க வேண்டும். போட மாட்டேன் என்றால் பேசாமல் திரும்ப வேண்டும். அந்த ஒரு பகல் நான் பிச்சைக்காரி வேஷம் போட்டவள் இல்லை. பிச்சைக்காரியேதான். இதைச் சொன்னேன். நீ உடனே மடக்கினாய்.

“அதுல ஒனக்கு சாய்ஸ் எங்கக்கா இருக்கு? சாமி சொல்லுச்சு, நீ செஞ்ச.”

“யாரு வாசல்ல நிக்கறதுன்னு நாந்தானடா முடிவு பண்ணேன்.”

ராஜாமணி சித்தி வீட்டோடு அப்போது நமக்குப் பேச்சு இல்லை. சாக்கடைத் தண்ணீர்ச் சண்டை. தெருவில் எல்லா வாசலிலும் நின்றுவிட்டு அந்த வாசலை மட்டும் தாண்டிப் போயிருக்கலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நான் நின்றேன். “அம்மனுக்கு மடிப்பிச்சை போடுங்க” என்றேன். சித்தி கதவைப் பிடித்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தது. “பேசாதவ வூட்டு அரிசிய உன் சாமி ஏத்துக்குமாடி?” என்று கேட்டது. “எனக்குத் தெரியாது சித்தி. போட்டா வாங்கிக்கறேன்” என்றேன். உள்ளே போய் முறத்தோடு அள்ளி வந்து போட்டது. அதன் பிறகு வந்த உன் ஒவ்வொரு காய்ச்சலுக்கும் ரசம் அந்த வீட்டிலிருந்துதான் வந்தது.

நான் சொல்லி முடித்ததும் நீ சுழல் நாற்காலியில் ஒரு சுற்று சுற்றினாய். “யக்கா, இது ரோல் ப்ளேயிங்தான். ஒத்துக்கறேன். நீ நின்ன, அது கேட்டுச்சு, நீ சொன்ன, தெரு ஞாபகம் வச்சுக்கிச்சு. ஒனக்கு இன்னையிலிருந்து ஓரத்து மெஷின் ஒதுக்கியாச்சு” என்றாய்.

உன் தலைத்திவசத்துக்கு இலை போட்டது சித்திதான், பாலு. இப்படியும் தெரு ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்று அன்றைக்கு எனக்கு ஏன் தெரியாமல் போனது?

ஓரத்து மெஷினில் நாம் ஆரம்பித்தோம். நீ கை, நான் வாய் என்று பேச்சு. சண்டை வந்தால் நீ பார்த்துக்கொள்வாய். யாராவது கேள்வி கேட்டால் கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பாய். புள்ளி வரும்போதெல்லாம், “பேச்சுல போடுடா, வாயால தீராத சண்டை என்ன இருக்கு” என்பேன். “வாயாடிக்கு வாயாடி ஆளு” என்று சொல்லிக்கொண்டே போடுவாய். அப்படிப் பேசிப் பேசியே எத்தனை ஊர் தாண்டினோம். நடுவழியில் அந்தக் கால் ஊனமான பாட்டுக்காரன் சேர்ந்துகொண்டான். அவன் ரொட்டியையும் சேர்த்து மூட்டையில் கணக்கு வைத்தேன்.

அப்புறம் அந்தச் சுரங்கம். கூரை சரிந்து பாட்டுக்காரன் அடிபட்டுக் கிடக்கிறான். எதிரே கல் கதவு கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. “நீ போ” என்கிறான் அவன். நாம் சொல்வதற்கு மூன்று வரிகள். நான் போகிறேன். நான் உன்னோடு இருக்கிறேன். உன்னைத் தூக்கிக்கொண்டு போகிறேன். மூன்றாவது வரி மட்டும் சாம்பல் நிறத்தில் மங்கி இருந்தது.

“இது ஏண்டா இப்படி இருக்கு?”

“அது நமக்கு இல்லக்கா. தூக்கறதுக்குப் பலம் பத்தாது. எல்லாத்தையும் பேச்சுல போட்டுட்டோம்ல.”

நீ சொன்ன கேள்வியும் நான் சொன்ன கணக்கும் அந்த ஒரு வரியில் வந்து ஒட்டிக்கொண்டதை இரண்டு பேரும் பார்த்தோம் என்று நினைக்கிறேன். கேள்வி இப்போது வருகிறது. அதற்கு எத்தனை பதில் நமக்கு உண்டு என்பது, எப்போதோ எங்கேயோ எதையோ சேர்த்தோமே, அதில் இருக்கிறது. எது ரோல் ப்ளேயிங் என்று இப்போது யாராவது கேட்டால், இதுதான் என்று சொல்வேன். கேட்பதற்கு அந்தக் கடையில் யாரும் இல்லை.

“எந்த வரிடா?” என்று கேட்டேன்.

“நீதான வாய். நீயே சொல்லு. எனக்கும் ஒண்ணு மனசுல இருக்கு. நீ சொன்ன பொறவுதான் சொல்லுவேன்” என்றாய். அப்படியே சேவ் பண்ணி நிறுத்திவிட்டாய்.

மறுநாள் காலையில் அரியலூரில் யாருக்கோ மெஷின் ரிப்பேர் என்று பைக்கை எடுத்தாய். நான் இட்லிப் பானையிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். வாசலிலிருந்தே, “யக்கா, யோசிச்சு வையி. சாயங்காலம் வந்து கேப்பேன்” என்றாய். “சாப்ட்டுட்டுப் போடா” என்றேன். “வந்து” என்றாய்.

சிமெண்ட் லாரிகள் போகிற அந்தச் சாலையைப் பற்றி நான் எழுத மாட்டேன். ஆஸ்பத்திரியில் உன்னை ஸ்ட்ரெச்சரிலிருந்து மாற்ற வேண்டும், ஒரு பக்கம் பிடியுங்கள் என்று யாரோ சொன்னார்கள். நான் பிடித்தேன். அம்மை போட்டபோது உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவெல்லாம் நடந்தவள் நான். அன்றைக்கு என்னால் தூக்க முடியவில்லை, பாலு. கை வழுக்கிக்கொண்டே போனது. வேறு யாரோதான் பிடித்தார்கள்.

திதி முடிந்த மறுநாள் கவிதாவைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். பாய்தான் திறந்துவிட்டார். மெஷினைப் போட்டோம். அந்தச் சுரங்கத்து இசை அப்படியே வந்தது. பாட்டுக்காரன் அப்படியே கிடக்கிறான். கதவு அப்படியே பாதியில் நிற்கிறது. நீ சொன்ன மாதிரி, நாம் பதில் சொல்லும் வரைக்கும் அந்த உலகம் காத்துக்கொண்டுதான் இருக்கிறது. இந்த உலகம்தான் காத்திருக்கவில்லை.

“மாமா ஏம்மா இங்கயே நிறுத்தி வச்சிருக்காரு?” என்றாள் கவிதா.

“நான் பதில் சொல்லணும்னு.”

“அப்ப சொல்லும்மா.”

மவுஸைப் பிடித்தேன். சாம்பல் வரியில் வைத்து அழுத்திப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மற்ற இரண்டிலும் கை போகவில்லை. போகிறேன் என்று அழுத்தினால் நான் உன்னை விட்டுவிட்டேன் என்றாகுமா? இருக்கிறேன் என்று அழுத்தினால், வீட்டில் அப்பா, உன் மாமா, இந்தப் பெண் எல்லாரும் என்ன ஆவார்கள்? ஆட்டத்துக்கும் வீட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவள் இல்லை நான். தெரிந்தும் விரல் அசையவில்லை. அணைத்துவிட்டு வந்துவிட்டோம்.

மதுரகாளி சந்நிதியில் வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் பொட்டலம் கட்டிப் போட்டுப் பார்க்கலாமா என்று தோன்றியது. கவிதாவுக்கு எந்த கோர்ஸ் என்பதுவரை நான் பூக்கட்டிப் பார்ப்பவள்தானே. நீ அதைக் கேலி செய்தது உடனே ஞாபகம் வந்தது. “பூவு சொல்றதச் செஞ்சா ஆடறது நீ இல்ல, பூவு.” உன் கேலிக்குப் பயந்து ஒரு வேண்டுதலை நான் நிறுத்தியது இதுதான் முதல் தடவை. அம்மன் கோபித்துக்கொள்ளவில்லை என்றே நினைக்கிறேன். அவளுக்காக யார் வாசலில் நின்று கேட்பது என்று முடிவு செய்ததும் நான்தானே.

ஆகவே உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். வெள்ளிக்கிழமை காலையில் சிறுவாச்சூர் கோயில் நடை திறந்ததும் கும்பிட்டுவிட்டு, முதல் பஸ்ஸில் கடைக்கு வருவேன். ஓரத்து மெஷினில் நீ உட்கார்கிற நாற்காலியில் உட்கார மாட்டேன், என் ஸ்டூலில்தான் உட்காருவேன். பாய் வண்டி கொண்டுவருவதற்குள், பூவிடம் கேட்காமல், யாரிடமும் கேட்காமல், நானே ஒரு வரியை அழுத்துவேன். அந்தப் பாட்டுக்காரனைப் பதில் இல்லாமல் அந்தக் கதவடியில் விட்டுவிட்டு மெஷினைக் கொடுக்க மாட்டேன். கை இல்லாவிட்டாலும் வாய் இன்னும் இருக்கிறது.

ஆனால் நான் சொன்ன பிறகு நீ சொல்வதாக இருந்ததே, அந்த ஒன்று என்ன? அதைத் தெரிந்துகொள்ளாமல் மிச்ச நாளை எப்படிக் கழிப்பது? கனவில் வா, கவிதா வாயில் வா, எப்படியாவது வா. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் சொல்லு. சீக்கிரம் பதில் போடு, கண்ணு.

உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்த
அக்கா